யோனாவுக்கு டிரம் வாசித்த மாதங்கள்

1971ஆம் ஆண்டு நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். வெளியே நான்கு டிகிரி, காலையிலிருந்து விடாத தூறல். எர்லாங்கன் நகரத்து லுத்தரன் சபை ஒன்றின் கூடத்துக்குக் கீழே இருந்த நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளின் மண்வாசமும், நனைந்த கம்பளிச் சட்டைகளின் ஆட்டுவாசமும், சூடேறிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் தூசு கருகும் வாசமும் கலந்து கிடக்க, பதின்மூன்று வயதான நான் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது, மொத்தம் பதினொரு படிகளில் ஏழாவது படியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. அவை அப்பாவின் ஷூ. அவை அதற்குமேல் இறங்கவில்லை.

ஷூவைக் கண்டதும் என் கை நின்றது. என் கை நின்றதும் கிட்டார் நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். அன்று ஜெர்மனியில் போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு. அப்படிப்பட்ட நாளில் இந்தச் சத்தம் என்ன சத்தம் என்று, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையின் மனைவி மாடியேறி வந்து அப்பாவிடம் முறையிட்டிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் அவர் இறங்கி வந்திருந்தார். ஆனால் என் கையில் இருந்த குச்சிகளைப் பார்த்தார். திரும்பி மேலே போய்விட்டார்.

நாங்கள் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைப் போதகர். பழைய ஏற்பாட்டில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு உதவித்தொகை கிடைத்து, அந்த ஆண்டு மே 3 அன்று எர்லாங்கனில் வந்து இறங்கினோம். அம்மா நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். ஆகவே நாங்கள் என்றால் இரண்டே பேர்தான். சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். தெருவாசலிலிருந்து முப்பத்தெட்டுப் படி. அப்பா காலை எட்டுக்கு நூலகம் போனால் மாலை ஆறுக்குத் திரும்புவார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பள்ளியில் என்னோடு பேச ஆளில்லை, பேசினால் எனக்குப் புரியவும் இல்லை. எண்ணுவதற்கு மொழி வேண்டியதில்லை என்பதால் நான் எண்ணத் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பேட்டில் தினமும் வெளித் தாழ்வாரத்து வெப்பமானி காட்டிய அளவையும், அன்று கற்ற ஜெர்மன் சொற்களையும் எழுதி வைத்தேன். நவம்பர் நடுவில் சொற்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.

நிலவறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எல்லோரும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள். அந்தக் காலத்தில் ஆலயம் என்றால் ஆர்கன் மட்டுந்தான். மின்சாரக் கிட்டாரையும் டிரம்மையும் வைத்து, நடனக் கூடங்களில் கேட்கும் தாளத்தில், வேதாகமக் கதைகளைப் பாடலாம் என்பது அப்போதுதான் இளைஞர்கள் நடுவே பரவி வந்த ஆசை. பெரியவர்களுக்கு அது ஆலயத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப்போல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலை, ஒரே ஒரு ஆராதனையில் மட்டும் இவர்கள் வாசிக்கலாமா என்று சபை மன்றம் வாக்கெடுத்தது: ஏழுக்கு ஐந்து. ஆர்கன் வாசிப்பவர் அன்று தம் ஆர்கனைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடப் போவதாக அறிவித்தார். "பிசாசுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வந்தபிறகு அது பாடும் சங்கீதத்தைக் குறை சொல்லாதீர்கள்" என்று ஒரு மூப்பர் கூட்டத்தில் சொன்னாராம். அதை எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தவர், இளைஞர்களுக்குப் பொறுப்பாக இருந்த "விக்கார்", அதாவது உதவிப் போதகர். தாடி வைத்த, நல்ல மனம் படைத்த, இருபத்தெட்டு வயது மனிதர்.

அந்தக் குழுவுக்குத் தலைவன் ஊவே. கிட்டாரும் அவன்தான், பாட்டு எழுதுவதும் அவன்தான். மீன் வயிற்றில் யோனா கிடந்த மூன்று நாளைப் பற்றி அவன் எழுதிய பாட்டுத்தான் அவர்களுடைய பெருமை. ஆனால் அவர்களுக்கு டிரம் அடித்தவனை ஆகஸ்டில் ராணுவப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஐந்திலிருந்து ஏழு வரை அவர்கள் டிரம் இல்லாமல் பாடுவதை நான் நிலவறைப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒன்பதாவது மாலை, அப்பாவின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கி வந்து, தாளத்தை எண்ணிப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும், தெரிந்த சொற்களைக் கோத்து ஊவேயிடம் சொன்னேன்: "தொடங்கும்போது நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. முடிக்கும்போது நூற்றுப் பன்னிரண்டு."

ஊவே கிட்டாரைக் கீழே வைத்தான். "டேய், இவன் கணக்கு மெஷின்டா!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். பிறகு என்னிடம், "அப்படியென்றால் யோனா மூன்று நாளில் வரவேண்டியவன், இரண்டரை நாளிலேயே கரைக்கு வந்துவிடுகிறான், இல்லையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஒரு ஜோடி குச்சியை நீட்டினான். "இயேசு ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த கதையில் நாங்கள் ஐந்து அப்பம். இரண்டு மீனுக்கும் சேர்த்து நீ ஒருவன் போதும். உட்கார்."

பள்ளிக்கூடத்துப் பழைய பாஸ் டிரம் ஒன்று, ஸ்நேர் என்ற சின்ன டிரம் ஒன்று, ஓரத்தில் விரிசல் விட்ட பித்தளைத் தட்டு, அதாவது சிம்பல், ஒன்று. இவ்வளவுதான் எங்கள் டிரம் செட். யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. நான் எண்ணினேன், எண்ணிய இடத்தில் அடித்தேன். ஆராதனை நெருங்கியதும் ஞாயிறு மாலையும் ஒத்திகை வைத்தோம். அப்பாவிடம் "பாட்டுக்குழு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஞானப்பாட்டு என்று நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

இங்கே இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் எங்களைத் தவிர ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. ஞானமுத்து மாமா அங்கிருந்த பெரிய மின்கருவித் தொழிற்சாலையில் பொறியாளர். அவர் மனைவி எஸ்தர் அத்தை. ஒரு சின்னக் குழந்தை. மாமாவும் அத்தையும் பாளையங்கோட்டைக்காரர்கள், வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் எங்களுக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில். மே 30இல் தொடங்கி இருபத்தேழு ஞாயிறு. ஒன்றில் எனக்குக் காய்ச்சல், ஆகவே இருபத்தாறு சாப்பாடு. அத்தை எங்கிருந்தோ புளி வரவழைத்து மீன்குழம்பு வைப்பாள். அவர்கள் ஊர் வழக்கப்படி போதகரை "ஐயர்" என்றுதான் அழைப்பார்கள்.

"ஐயரே, வெட்கப்படாம போட்டுக்கிடுங்க. குழம்பு கெடக்கு," என்பாள். என்னைப் பார்த்து, "ஏலே, ஒங்கப்பாவுக்கு வாரம் முழுக்கச் சோறே போடமாட்டியோ? இப்படிச் சாப்பிடுதாவளே!" என்பாள். அப்பா சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த இடம் அந்த ஒரு மேசைதான். மேல்மாடியில் ஆறு நாளும் ஒரு சொல்லை இரண்டாக உடைத்துப் பேசுகிற மனிதர், அங்கே தமிழில், சாமுவேல் புத்தகத்திலிருந்து சட்டமன்றத் தேர்தல் வரை, மூன்று மணிநேரம் பேசுவார்.

முதல் ஞாயிறு அத்தை கேட்ட கேள்விகள் எனக்கு நினைவிருக்கின்றன. "ஐயருக்குப் பூர்வீகம் தஞ்சாவூரேதானா?" ஆமாம். "அங்க எந்தப் பக்கம்?" அப்பா பக்கத்தைச் சொன்னார். "எந்தத் தெரு?" அப்பா கொஞ்சமும் தடுமாறாமல், "நான் பொறந்தது மிஷன் காம்பவுண்டுலங்க. அப்பா உபதேசியார்," என்றார். அது பொய்யில்லை. காம்பவுண்டுக்குத் தெரு கிடையாது. நான்காவது கேள்வி வரவில்லை. அந்தத் தெருக் கேள்விக்குள் அவ்வளவு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஷூ திரும்பிப் போன அந்த ஞாயிறு மாலை நான் மேலே வந்தபோது அப்பா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருடைய தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பறை அடித்தவர். சாவுக்கு அடிக்கிறவர். அவருக்கு முன்னால் எத்தனையோ தலைமுறையும் அதுதான். ஊரில் யார் செத்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், எழுந்துபோய் அடிக்கவேண்டும். அதற்குக் கூலி பழைய சோறு, அதுவும் வாசலுக்கு வெளியே நின்று துண்டில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அவர் பறையை ஆற்றில் விட்டார். "'குச்சியைக் கீழ வச்சோம், புத்தகத்தைக் கையில எடுத்தோம்'னு எங்கப்பா அடிக்கடி சொல்லுவார்," என்றார் அப்பா.

நான் அழத் தொடங்கியிருந்தேன் என்று நினைக்கிறேன். "இனிமே வாசிக்கல," என்றேன்.

"நீ வாசிக்கிறது தப்பில்ல," என்றார் அப்பா. "ஒன்னை யாரும் பழைய சோத்துக்குக் கூப்புடல. வாசி. ஆனா இந்தப் பேச்சு இந்த ரூமுக்குள்ளயே இருக்கணும். ஞானமுத்து வீட்டுக்குக்கூடப் போகக்கூடாது. புரியுதா?"

புரிந்தது என்றேன். ஒன்பது நாள் காப்பாற்றினேன்.

நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை நான் நிலவறைக்கு இறங்கியபோது அங்கே கிளவுஸ் என்று ஒருவன் இருந்தான். பதினேழு வயது, புத்தம்புதிய டிரம் செட் சொந்தமாக வைத்திருந்தான்: டிரம் மட்டும் ஐந்து, சிம்பல் மூன்று. ஞாயிறு ஆராதனைக்கு ஐந்து நாள் இருந்தது. என் ஸ்டூல் சுவரோரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கிளவுஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இந்தக் குட்டிப்பையன் எங்கே கற்றுக்கொண்டானாம்?" என்று ஊவேயிடம் கேட்டான்.

அந்த நிலவறையைத் தவிர எனக்கு அந்த நாட்டில் போக்கிடம் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் போய்விட்டால் வாரத்தில் எனக்கு மிஞ்சுவது படிகளும் வெப்பமானியும்தான். நான் சொல்லிவிட்டேன். என் கொள்ளுத்தாத்தா டிரம் அடித்தவர், அவருடைய அப்பாவும், அவருடைய அப்பாவும். ஊரில் யார் இறந்தாலும் அவர்கள் அடித்தால்தான் அடக்கம். என்னிடம் இருந்த அறுநூற்றுச் சொச்சம் சொற்களில் வெட்கம் என்பதற்குச் சொல் இருக்கவில்லை. இழிவு என்பதற்கும் இல்லை. டிரம் அடிப்பவன் என்பதற்கு மட்டும் இருந்தது. அது ஜெர்மன் காதில் மிடுக்காக விழுகிற சொல்.

"மூன்று தலைமுறையா?" என்றான் ஊவே. கிளவுஸைத் திரும்பிப் பார்த்து, "உன் தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்டான். "காப்பீட்டு ஏஜென்ட்," என்றான் கிளவுஸ். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள், இம்முறை நானும். என் ஸ்டூல் நடுவுக்கு வந்தது. கிளவுஸ் ஒரு சிம்பலை மட்டும் எங்களுக்கு இரவல் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பையன்தான். யாரிடமும் சொல்லாதே என்று ஊவேயிடம் நான் சொல்லவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

நவம்பர் 28, முதல் திருவருகை ஞாயிறு. மதியம் அத்தை வீட்டில் மீன்குழம்பு. மாலை ஐந்து மணிக்கு ஆராதனை. ஆலயத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர். பாட்டி ஒருத்தி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முதல் வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வரிசையில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் ஞானமுத்து மாமா, அவருக்கு அப்பால் அத்தை. ஆர்கன் பூட்டியிருந்தது. முதல் பாட்டு முடிந்து, யோனா பாட்டுக்கு முன்னால், விக்கார் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

டிரம் ஆலயத்துக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன் என்றார். இந்த டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் சின்ன நண்பரின் முன்னோர்கள் தென்னிந்தியக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாவுக்கு டிரம் அடித்தவர்கள், ஊராரால் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள், இன்று அவர்களுடைய பிள்ளை வாழ்வின் ஆண்டவருக்கு முன்னால் அடிக்கிறான் என்றார். ஒதுக்கப்பட்டவர்கள் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. மிஷன் புத்தகங்களைப் படித்தவர், மிச்சத்தைத் தாமே சேர்த்துக்கொண்டார். ஆலயத்தில் யாரும் கைதட்டுவதில்லை, அன்று தட்டினார்கள். பஞ்சு வைத்திருந்த பாட்டியும் தட்டினாள்.

நான் ஐந்தாவது வரிசையைப் பார்த்தேன். மாமா பாட்டுத்தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அத்தை நேராக என்னையே பார்த்தாள். அப்பா மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார், எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்பதுபோல. ஊவே தலையாட்டினான். நான் நான்கு எண்ணித் தொடங்கினேன். நூற்று நான்கில் தொடங்கி நூற்று நான்கிலேயே முடித்தேன்; என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வாசித்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

வாசலில் பனி விழத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பிரியும்போது அத்தை, "வாறோம் ஐயரே," என்பாள். அன்று கையுறையை மாட்டிக்கொண்டே, "அப்ப வாறோம் சார்," என்றாள். அவ்வளவுதான். அப்பா, "நல்லதுங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு மாமாவுக்கு வேலை. அதற்கடுத்த ஞாயிறு குழந்தைக்கு அம்மை. அதற்கடுத்ததில் ஊரிலிருந்து மாமியார் வரப்போகிறாள், வீடு ஒழுங்குபண்ண வேண்டும் என்றாள் அத்தை. மூன்று காரணம், நான்காவது வாரத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். குழந்தையின் முகத்தில் அம்மைத் தழும்பை நானே பிறகு பார்த்தேன்; மாமியாரும் வந்தாள். ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். "சார்" என்பதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வேறாக மாறவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. நான் நிலவறைக்குப் போகாமல் இரண்டு வாரம் படுக்கையில் சுருண்டு கிடந்தபோது, "போனது போச்சு. இருக்கறதையும் ஏன் விடற? போ," என்று அவரே குச்சிகளை எடுத்துக் கையில் கொடுத்தார். போனேன். அந்த ஆராதனையைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்ச் சபைகள் எங்களை அழைத்தன. யோனா பாட்டு சுற்றியிருந்த ஃபிராங்கன் வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் ஒரு பழைய வேனில் போயிற்று. சில ஊர்களில் கதவைச் சாத்தினார்கள், சில ஊர்களில் கேக் கொடுத்தார்கள். எங்கே போனாலும் விக்கார் அந்த அறிமுகத்தைச் சொன்னார். நிறுத்தச் சொல்ல எனக்குச் சொற்கள் வந்திருந்தன, தைரியம் வரவில்லை. 1972 அக்டோபரில், ராணுவத்துக்குப் பதிலாக மருத்துவமனைச் சேவை செய்ய ஊவே வேறு ஊருக்குப் போனான். குழு கலைந்தது. 1974 ஜூலையில் அப்பாவும் நானும் இந்தியா திரும்பினோம். பத்தாண்டு கழித்து நான் மட்டும், பொறியாளனாக, இதே ஊருக்கு வந்தேன். 1991இல் திருச்சியில் அப்பா இறந்தபோது என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. மனைவி போய் ஆறு ஆண்டு. அந்த நிலவறையில் இப்போது சைக்கிள்களை நிறுத்துகிறார்கள். போன வாரம் எண்ணினேன், முப்பத்தொன்று. ஆலயத்தில் டிரம்மைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். வாசிக்கும் பெண்ணின் காதில் ஒரு கருவி டக் டக் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. யாரும் வேகம் கூட்டுவதில்லை, யாரும் பஞ்சு வைத்துக்கொள்வதில்லை, யாரும் எதிர்த்து வாக்களிப்பதும் இல்லை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அதே கூடத்தில் தமிழர் ஜெபக்கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள். தேநீர் மட்டும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் பொறுப்பு. "ஐயா, ஆறப்போகுது, குடியுங்கோ," என்று அவர் சொல்லாவிட்டால் அங்கே என்னோடு பேச அதிகம் பேர் இல்லை.

போன கூட்டத்தில் புதிதாக வந்த ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அங்கிள், நீங்க நேட்டிவ் எங்க?" தஞ்சாவூர் என்றேன். "தஞ்சாவூர்ல எங்க அங்கிள்?" இரண்டாவது கேள்வி. மூன்றாவதற்கு நான் காத்திருக்கவில்லை. என் கொள்ளுத்தாத்தா பறை அடித்தவர், சாவுக்கு அடித்தவர் என்று தமிழில், அந்தக் கூடத்தில், உரக்கவே சொன்னேன். சொன்ன வேகத்தில் தேநீர் சட்டையில் சிந்தியது.

"செம அங்கிள்!" என்றான் அவன். "என் தங்கச்சி சென்னைல பறை கிளாஸ் போறா. சண்டே சண்டே. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து சீட் கிடைச்சுது." அவன் தங்கை அடிக்கும் காணொளியைக் காட்டினான். பன்னிரண்டு பெண்கள், சிவப்புத் தலைப்பாகை, நல்ல தாளம், சிரித்த முகங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், நன்றாகத்தான் இருந்தது. இதைக் கேட்கவேண்டிய அப்பா கேட்காமல் போன இடத்தில் நான் மகிழ்ச்சியடைவதா என்று தெரியாமல், சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் பழைய குறிப்பேட்டை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். 1971 டிசம்பர் 5 முதல், நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறான 1974 ஜூன் 30 வரை, அப்பா மேல்மாடியில் தாமே வைத்த கஞ்சியைத் தாமே குடித்த ஞாயிறு மதியங்கள் நூற்று முப்பத்தைந்து; அவற்றில் பத்தொன்பதில் நான் வேறு ஊர்களில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.